பள்ளத்தின் பெயர்

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
கோரையூத்துக் கண்மாயின் மேற்கு ஓரத்தை
மூடியவன் நான்தான்.
வண்டி வேறு, முதலாளி வேறு,
கை இதே கை.
சிம்மக்கல்லில் இடித்த வீடெல்லாம்
ராத்திரி பத்துக்குமேல் லாரி லாரியாய் வந்து இறங்கும்.
விடியுமுன் நிரவிவிட்டு
புரோட்டாக்கடை திறந்திருந்தால் போவோம்.
இரவுப்படி நானூறு.

இப்போது திறக்கச் சொல்கிறார்கள்.

சர்வேயர் பிச்சைமணி
ஜீப் பானட்டில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு கல் வைக்கிறார்.
எல்லைக்கல் ஒன்று அகப்படவில்லை.
வேப்பமரத்துக்குக் கிழக்கே என்கிறது தாள்.
வேப்பமரம் இல்லை.
டேப் பிடித்த பையன்கள்
பதினேழாம் நம்பர் பிளாட்டுக்குள் போய்
நாய் துரத்தி வெளியே ஓடிவருகிறார்கள்.
நான் கேபினில் பீடி பற்றவைக்கிறேன்.
அந்தக் கல்லின்மேல்தான்
முதல் லோடைக் கொட்டினோம்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மழைக்கு
நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் இடுப்பளவு.
ஜைத்தூன் வீட்டுக் காலி சிலிண்டர்
மிதந்து மிதந்து டிரான்ஸ்பார்மர்வரை போனது.
தொட யாருக்கும் தைரியமில்லை.
கலுங்கு வழியா போகவேண்டிய தண்ணி என்றார்கள் மறுநாள்.
“கலுங்கு எங்க இருக்கு?” என்று கேட்டாள் அவள்.
நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

பீடி தீர்ந்தது.
இறங்கிப்போய்ச் சொன்னேன்:
“டைல்ஸ் குடோன் மதில்லருந்து
பதினாலடி உள்ள, சார்.”
எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது வாளியில்
பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர்த்துண்டு.
யாரோ பென்சிலில் எழுதிய பால்கணக்கு:
அரை, அரை, இல்லை, ஒன்று.
ஆறாவதில் கல்.

தெற்கே சேறு.
கோரையும் சம்பும் ஆள் உயரம்.
“அதத் தொடாதீங்க,
வர்ற தண்ணியோட வேகத்த அதுதான் வாங்கணும்”
என்றார் எமிமா மேடம்.
காண்டிராக்டருக்குக் கனமீட்டர் கணக்கு,
தோண்டினால்தானே பில்.
மூன்று நாள் பேச்சு, மூன்று நாள் வண்டி சும்மா.
தாழைக்கோழி ஒன்று
செயின் தடத்தில் தேங்கிய நீரில்
குஞ்சோடு வந்து குடித்துப் போனது.
நாலாம் நாள், சேறு சேறாகவே இருக்கட்டும் என்று
தாளில் கையெழுத்தாகி வந்தது.

வேலை முடியவில்லை, போர்டு வந்துவிட்டது:
பொதுமக்கள் நடைபாதை,
காலை ஐந்து முதல் எட்டு வரை.
மற்ற நேரம் கேட் பூட்டு.
ஜைத்தூன் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
“எங்க வீட்டுக்குள்ள தண்ணி வர்றதுக்கு
டைம் போட்டீங்களா?”
மறுவாரம் போர்டில்
எண்கள் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்.

கரை கட்டி முடிக்கையில்
எங்கள் தெருமுனையில் மட்டும்
சரிவைக் கொஞ்சம் படுக்க வைத்தேன்,
முட்டிவலிக்காரர்களும் ஏறுகிற மாதிரி.
பிளானில் இல்லை.
எமிமா மேடம் பார்த்தார்,
அளக்காமல் போனார்.

கார்த்திகையில் பெய்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோடு போனால்
கரையில் எனக்கு முன்னால் பாதித் தெரு.
கோரை சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது.
இருட்டுக்குள் கலுங்கு இரைகிறது,
பக்கத்தில் பேசினால் கேட்கவில்லை.
தெருவில் கணுக்கால் அளவு, அதோடு நின்றது.
சிலிண்டரைக் கட்டில்காலோடு
கயிறு போட்டுக் கட்டியிருந்தாள் ஜைத்தூன்.
விடிந்து மழை விட்ட பிறகும்
அவிழ்க்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது.
தோண்டி எடுத்த இடிபாட்டை ஏற்றிப்போன
லாரிக்காரனிடம் அன்றைக்கே கேட்டேன்,
எங்கே கொட்டுகிறாய் என்று.
ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு பள்ளம், என்றான்.
பள்ளத்துக்குப் பேர் என்ன என்றேன்.
கியரை மாற்றிக்கொண்டே
சிரித்தான்.