சொத்து விவரம்

தேவகோட்டை சார்பதிவகம். டோக்கன் பதினொன்று.
எழுதிக் கொடுப்பவர்கள் பதினேழு பேர்.
பினாங்கிலிருந்து ஒருவர் பவர் அனுப்பியிருக்கிறார்.
நாச்சம்மைக்கு மகளின் பரீட்சை,
சீக்கிரம் முடியுமா என்கிறார்.
ஏகப்பன் மூன்றாவது முறையாகக்
கண்ணாடியைத் துடைக்கிறார்.
எழுதி வாங்குபவர் ஒரே ஆள்:
வீ. இருளாயி, வயது ஐம்பத்து நாலு,
முட்டை மொத்த வியாபாரம்.

நான் பத்திர எழுத்தர்.
எனக்கு எதுவும் நான்கு எல்லைக்குள்.

சிகப்பி பேலஸ்.
வடக்கே நகராட்சிச் சாலை,
கிழக்கே நூர்முகமது வகையறா மரக்கடை,
தெற்கே ஊருணிக்கரை,
மேற்கே முன்பு சோடா கம்பெனி, தற்போது காலிமனை.
இதற்கு உட்பட்ட கட்டடம், பால்கனி, கிணறு,
தேக்குக் கதவு ஒன்பது ஜோடி,
நாற்காலி அறுநூற்றுப் பன்னிரண்டு,
உட்காரத் தகுந்தது நானூறு இருக்கும்.
பெல்ஜியம் கண்ணாடி இரண்டு என்றார்கள்.
பின்பக்கச் சீட்டில் மதுரைக் கடை விலாசம்.
நிலைக்கண்ணாடி என்று மட்டும் எழுதினேன்.

ஊருக்கு எல்லாம் தெரியும்.
ஓட்டல் வருது, வெள்ளைக்காரர்கள் நீந்துவார்கள்.
ஏசி மண்டபம்.
இல்லை, முட்டை குடோன்தான்,
டீக்கடையில் ஒருவன் அடித்துச் சொன்னான்,
தரை டிக்கெட்டில் பிராய்லர், பால்கனியில் நாட்டுக்கோழி.
அவர் காதிலும் விழுந்திருக்கிறது.
"சுவத்துக்குப் பூசுனதே முட்டைதானே,
அப்பவே நம்ம சரக்குதான்" என்றார், சிரிக்காமல்.

நேற்று மாலை அளவு பார்க்கப் போனோம்.
கரண்டு இல்லை.
பெண்கள் பக்கத்தைப் பிரித்த இடுப்புயரச் சுவர்,
அதை ஒட்டி ஒரு தூண்.
நேராகப் போய் அதன் பின்னால்
வெறுந்தரையில் உட்கார்ந்தார்.
"இதான் நம்ம இடம்.
காசு முழுசு, படம் பாதி.
கதாநாயகன் இடப்பக்கம் போனா ஆளே இல்ல.
பேசுறது கேக்கும், யாருகிட்டன்னு தெரியாது.
மிச்சத்த வீட்டுக்குப் போற வழியில நானே சேத்துக்குவேன்."

தூணை எடுக்கலாமா என்று இன்ஜினீயரைக் கேட்டார்.
எடுத்தால் பால்கனி கீழே வரும்.
செல்போன் விளக்கைத் திரைக்குப் பின்னால் பிடித்தார்.
ஒவ்வொரு முட்டையையும் பல்புக்கு முன் தூக்கி
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற கை.
ஒரு தையல், இரண்டு ஓட்டை,
ஒரு பல்லியின் வயிறு.
"ம்" என்றார்.

இன்று கடகடவென்று வாசித்துக் காட்டுகிறேன்.
முப்பத்தோரு வருடமாக நாக்கிலேயே கிடக்கிற வரி:
நிதி நிட்சேபம் ஜலம் பாஷாணம்
அட்சிணி ஆகாமி சித்த சாத்தியம் எனும்
அஷ்டபோக பாத்தியங்களுடன்

"நில்லுங்க. ஆகாமின்னா?"

இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
ஜலத்துக்குள்ளேயே தலையாட்டிவிடுவார்கள்.
"இனிமேல் வரப்போவது" என்றேன்.
"அதுவும் கிரயத்துல சேந்ததா?"
"சேர்ந்ததுதான்."
"அதுக்குத் தனியா பணம்?"
"கிடையாது."
பதினேழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.
ஏகப்பன் பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

இருட்டை நான் விவரத்தில் எழுதவில்லை.
அதை அவர் பேரிலேயே கொண்டுவந்திருக்கிறார்.

ரேகை மெஷின் இரண்டு தடவை மறுத்தது.
அட்டை அட்டையாகத் தூக்கித் தேய்ந்த விரல்.
புடவையில் துடைத்து, ஊதி, வைத்தார்.
பச்சை.

வாசலில் கேட்டேவிட்டேன்,
என்னதான் பண்ணப்போறீங்க?
"மொதல்ல அந்தச் சுவர இடிக்கணும்.
தூணு நிக்கட்டும்.
அதுக்குப் பின்னால ஒரு நாக்காலி போட்டு
டிக்கெட் இல்லாம விடணும்.
மத்தது"

லோடு ஆட்டோ வந்துவிட்டது.
முன்சீட்டில் கிடந்த காலி அட்டையில்
ஒரு குழி பார்த்துச் சாவிக்கொத்தை வைத்தார்,
மெதுவாக, உடைந்துவிடும் என்பதுபோல.
மீதி இருபத்தொன்பது குழியும்
குலுங்கிக்கொண்டே போயின.