முப்பத்தொன்றின் கீழ் இருபத்தைந்து

இரத்மலானையின் நண்பகல் அறிக்கையில்
இன்றும் அந்த இரண்டு எண்கள்:
வெப்பநிலை முப்பத்தொன்று,
பனிபடுநிலை இருபத்தைந்து.
இடையில் ஆறு.
ஆறை நானூறால் பெருக்கு என்கிறது புத்தகம்.
இரண்டாயிரத்து நானூறு அடியில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டு;
ஏறிப்போகிற ஈரமெல்லாம்
அதைத் தொட்டதும் வெள்ளையாகும்.

வானத்தை எட்டுத் துண்டாக வெட்டி எண்ண வேண்டும்.
பிறந்தநாள் கேக் மாதிரி.
மூன்று துண்டில் பஞ்சு.
ஹொரணைப் பக்கம் ஒரேயொரு துண்டு மட்டும்
அடி கறுத்து, தலை தட்டையாகி,
கொல்லன் பட்டடை போல.
அறிக்கையில் அதற்கு இரண்டே எழுத்து.

ஐப்பசி.
தென்மேற்குப் போய்விட்டது,
வடகிழக்கு இன்னும் வந்து சேரவில்லை.
வாத்தியார் இல்லாத வகுப்பு;
வெயிலும் கடலும் நினைத்ததைச் செய்யும்.
காலையில் தரையைப் பார்த்துத் தொங்கிய காற்றுப்பைக்குள்
பதினொன்றரைக்குக் கடற்காற்று கைவிட்டு நிமிர்த்தியது.
இப்போது அது நீட்டிக் காட்டுவதும்
ஹொரணையைத்தான்.

மேகம் வருமுன் அதன் காற்று வரும்.
மேலிருந்து விழும், தரையில் மோதும்,
நாலு பக்கமும் விரியும்.
இறங்குகிறவளுக்கு முதலில் எதிரே வந்து
தூக்கிக் கொடுக்கும்.
தூக்கிய அதே காற்று
அரை நிமிடத்தில் முதுகுப்பக்கம் போய்
கீழே தள்ளும்.
"முதல் உதவியை நம்பாதே"
என்று ஓரத்தில் நானே எழுதி
இரண்டு தரம் கோடிட்டிருக்கிறேன்.

அடுத்த பக்கத்தில் பனிக்கட்டி.
வெள்ளவத்தை அறையில்
மின்விசிறிக்குக் கீழும் வியர்த்தபடி படித்தபோது
சிரிப்பு வந்தது.
ஆனால் எரிபொருள் ஆவியாகையில்
கார்பரேற்றரின் தொண்டை குளிருமாம்,
நம்முடைய இந்தப் புழுக்கமே அங்கே உறைந்து
என்ஜினின் மூச்சைப் பிடிக்குமாம்.
கொழும்பில்,
முப்பத்தொரு பாகையில்.

தனிப்பறப்பு மூன்று மணிக்கு.
ஒரு மணித்தியாலத்தின் விலை
புறக்கோட்டை இரும்புக் கடையில்
நான் கணக்கெழுதும் பன்னிரண்டு நாள்.
வெள்ளைப் பலகைக்குப் போனேன்.
மயூரதி என்றிருந்ததை விரலாலேயே அழித்தேன்.
'ம' மட்டும் போகவில்லை.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை;
கேட்டிருக்கலாம்.

இம்தாத் போனான்.
களுத்துறை வரை போய்
நாற்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.
"ஒண்டுமில்ல, பட்டர் மாதிரி இருந்திச்சு"
என்று பெல்ற்றைக் கழற்றினான்.
மேகமோ யாருடையதோ றப்பர் தோட்டத்தில்
பெய்துவிட்டுக் கலைந்திருந்தது.
அவனும் அதே எண்களைத்தான் வாசித்தான்.
அவன் பிழை என்று சொல்ல முடியாது,
நான் சரி என்றும்.

பறப்புப் பதிவேட்டில்
பகலுக்கு ஒரு நிரல், இரவுக்கு ஒன்று,
தனியாகப் போனதற்கு ஒன்று.
போகாமல் விட்டதற்கு இல்லை.
தேதியைப் பென்சிலால் எழுதி
பிறகு அதையும் அழித்தேன்.

நூற்றியோராம் இலக்க பஸ்ஸில்
நின்றுகொண்டே வந்தேன்.
வெள்ளவத்தையில் ஒரு துளியில்லை.
பல்கனியில் காலையில் போட்ட துணி
அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.
எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.

இரவு பதினொன்றுக்கு
தகரத்தில் சொட்டுச் சத்தம்.
எழுந்து ஓடினேன்.
மேல்வீட்டு ஏசியின் தண்ணீர்.

நித்திரை போய்விட்டது.
கிளாசில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி
மேசையில் வைத்துப் பார்த்தேன்.
வெளிப்பக்கம் மங்க நாலு நொடி,
வழிய ஒரு நிமிடம்.
நாளைக்கும் இருபத்தைந்துதான்.

ஆனால் காலையில் காற்றுப்பை தொங்கும்.
ஹொரணையில் எதுவும் முளைத்திராது.
பலகையில் ஏழு மணிக் கட்டத்தில்
நான் வரும்வரை
ஒருவரும் பெயர் எழுதியிருக்கவில்லை.