தார் ரோட்டை விட்டு இறக்கக்கூடாது

வண்ணாரப்பேட்டை பைபாஸில் அந்தக் கண்ணாடி ஷோரூம்.
செருப்பைக் கழற்றலாமா என்று வாசலில் ஒரு கணம் யோசித்துவிட்டுக்
கழற்றாமலே உள்ளே போனேன்.
தவசிக்கனி கழற்றிவிட்டார்.

இரண்டு வண்டிகள்.
ஒன்று கறுப்பு. பீரோவைப் படுக்கப் போட்டது மாதிரி சதுரம்.
முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகும்,
செங்குத்துச் சரிவில் நிற்கும்,
நாலு சக்கரமும் தனித்தனியே யோசிக்குமாம்.
இன்னொன்று
வெண்கலத்துக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் ஒரு நிறம்.
கூரை பின்பக்கம் வழிந்து இறங்கும் அந்த ஒரு கோட்டை
யாரோ பல ராத்திரி தூங்காமல் வரைந்திருக்க வேண்டும்.
டிக்கியில் இரண்டு சூட்கேஸ்தான் கொள்ளும்.

"ஏட்டி, கல்யாண ஊர்வலத்துக்கா வாங்குதோம்?
நம்ம வேலைக்கு எது தாங்கும்னு பாரு."

நம்ம வேலை, திசையன்விளையில் முருங்கைக்காய் கமிஷன் கடை.
விடிய நாலு மணிக்குத் தராசைத் தொடும் கை என்னுடையது.
இருபத்திரண்டு வருஷம்
மினி லாரியின் முன்சீட்டில், கியர் கம்பி முட்டியில் இடிக்க.
கல்யாணம், காதுகுத்து, அப்பாவின் அடக்கம்
எல்லாவற்றுக்கும் அதில்தான் போய் இறங்கினேன்,
பட்டுச் சேலையில் பச்சைக்காய் வாசத்தோடு.
தாங்கியது வண்டி.
நானும்.

"தேரிக்குள்ள நம்ம தோட்டத்துக்கு இது போகுமா?"
"எங்கேயும் போகும் சார்" என்றான் ஆஷிக்,
மேலப்பாளையத்துப் பையன், கழுத்தில் டை, பேச்சில் ஏலக்காய்.
"அப்போ ஓட்டிக் காட்டும்வே."

வியாழக்கிழமை கறுப்பு வண்டி ஊருக்கே வந்தது.
தார் முடிந்து செம்மணல் தொடங்கும் இடத்தில்
ஆஷிக் பிரேக் போட்டான்.
"தார் ரோட்டை விட்டு இறக்கக்கூடாது சார்.
டெமோ வண்டி. கம்பெனி உத்தரவு."

மலை ஏறும் வண்டி, ஆறு தாண்டும் வண்டி,
ஒரு பனை நிழல் தூரம் இறங்கப் பயந்து
ஏசியில் உறுமிக்கொண்டு நின்றது.
பின்னால் ஒரு டிவிஎஸ் எக்செல்,
இரண்டு பக்கமும் முருங்கைக் கட்டு தொங்க,
ஹாரன் அடித்தது, வழிவிடச் சொல்லி.
விட்டோம்.
மணலுக்குள் நெளிந்து நெளிந்து அது போய்விட்டது.

"அந்த மார்கழி வெள்ளத்த மறந்திட்டியா?" என்றார் திரும்பும்போது.
மறக்கவில்லை.
ஜங்ஷனில் மாட்டிக்கொண்ட நம்மைக் கரையேற்றியது
யாருடையதோ ஒரு டிராக்டர்.
பெட்டியில் நம்மோடு நின்றவர்களில் ஒருவருடைய பெரிய வண்டி
பாலத்தடியில் மிதந்துகொண்டிருந்தது.
அவர் சாவியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.
இதை நான் சொல்லவில்லை.
அவர் நல்ல டிரைவர், ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார்.

தராசு பிடிக்கிறவளுக்கு ஒன்று தெரியும்.
நேராய், நீளமாய், பச்சையாய் இருக்கிற காய்
பம்பாய்க்குப் போகும், கிலோவுக்கு எட்டு ரூபாய் கூட.
கோணல் காயில்தான் சதை.
அது நம் வீட்டுக் குழம்புக்கு.
அழகுக்கு விலை போட்டுப் போட்டே
மாடி எடுத்தோம், மகனை ஓசூரில் படிக்கவைத்தோம்.
இப்போது வண்டிக்கு மட்டும்
சதையைப் பார்க்கச் சொல்கிறார்.

ராத்திரி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
கறுப்பு: தோட்டம், மழை, மூட்டை, அவர் இடுப்புக்கு உயரமான சீட்டு.
வெண்கலம்:
நேரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதானது.

காலையில் சொன்னேன்:
"தோட்டத்துக்கு ஒரு எக்செல் வாங்கிக்கிடுங்க.
எனக்கு அந்தச் செம்மண் கலரு."
"அதுல எங்கட்டி போவ?"
"தெரியல. கடைக்கு மட்டும் இல்ல."

அவர் பதில் சொல்லவில்லை.
சாயங்காலம் ஷோரூமில்
டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து
இன்ச் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.
செருப்பு காலில் இருந்தது.
"பின்சீட்ட மடிச்சா
ரெண்டு கட்டு கொள்ளும் போலயே" என்றார்
உள்ளே இருந்து.