இரண்டு நஞ்சிகள்

கோத்தகிரியில் ஜூலை.
ஜன்னல் கொண்டியில் துரு, குடைக் கம்பியில் துரு,
கேஸ் சிலிண்டர் நின்ற இடத்தில்
தரையில் ஒரு துரு வட்டம்.
நான் எழுதிக்கொண்டிருக்கும் மொழிக்கும்
பெயர் அதுதான்.
சிரிக்காதீர்கள், நான் வைத்ததில்லை.

வேலை இது:
வரிகளை வரிசைப்படுத்தும் ஒரு சின்னக் கருவி.
நான் பிறப்பதற்குப் பதினொரு வருடம் முன்பு
யாரோ சி மொழியில் எழுதியது.
இன்றும் ஓடுகிறது, ஒரு நாள் லீவு போட்டதில்லை.
அதையே மறுபடி எழுதுகிறேன்.
ஏன் என்று கேட்டால்
நினைவகம், பாதுகாப்பு என்று அரைமணி பேசுவேன்.
அது பொய்யுமில்லை.

புது மொழியின் கம்பைலர்
கூட்டுறவு வங்கிச் செயலாளர் மாதிரி.
கடன் வாங்கினாயா, எப்போது திருப்புவாய்,
ஒரே பேரேட்டை இரண்டு பேர் கையில்
எழுதக் கொடுக்கலாமா?
மூன்று மாதம் சண்டை.
பிறகு அது சொல்வதற்கு முன்பே
நானே அடித்து எழுதப் பழகிவிட்டேன்.

பழைய நிரலில் நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
ஒரு குறிப்பு: 'இதில் கை வைக்காதே.'
காரணம் இல்லை. கீழே இரண்டெழுத்துக் கையொப்பம்.
பேர் தெரியாத ஓர் ஆளின் பயம் என்று நினைத்தேன்.
வரியின் கடைசியில் தொங்கும் இடைவெளியையும்
ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தது அந்த இடம்.
வெற்றிடத்துக்கு என்ன வரிசை?
துடைத்தேன்.
அறுநூற்றுச் சொச்சம் சோதனைகள், எல்லாம் பச்சை.
நாலு மடங்கு வேகம்.
ஓர் இமைப்பில் நடந்தது
இனி கால் இமைப்பில் நடக்கும்.
மிச்ச முக்கால் இமைப்பை வைத்துக்கொண்டு
என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

மறு வருடம் ஆவணியில் போஜன் கூப்பிட்டார்,
தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்.
"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமில்ல?
ரெண்டு நஞ்சியும் இடம் மாறிட்டாங்க."

மேல் ஹட்டியில் ஒரு நஞ்சி, கீழ் ஹட்டியில் ஒரு நஞ்சி.
ஆளுக்கு அரை ஏக்கர்.
பெயர் பதிந்த நாளில் போஜன்
கீழ் ஹட்டி நஞ்சிக்குப் பின்னால்
ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டிவைத்தார்.
அவ்வளவுதான் அடையாளம்.
பதினாறு வருடம் அந்த ஒற்றைத் தட்டு போதும் என்றிருந்தது.
வெறும் நஞ்சி முதலில், இடைவெளி நஞ்சி அடுத்து,
கவர்களும் அதே வரிசை.
ஒரு வியாழன் இரவு
கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
இருவரும் ஒருத்திதான்,
யாரை முன்னால் விட்டால் என்ன என்றது என் நிரல்.
சனிக்கிழமை,
மழையில் நனைந்து பறித்த நூற்றெண்பது கிலோவின் காசு
செடியைக் கவாத்து பண்ணிவிட்டுச் சும்மா இருந்தவள் கையில்.
அவள் எண்ணிப் பார்த்தாளாம்.
திரும்பவும் எண்ணினாளாம்.
"கவாத்து பண்ணின தோட்டத்துல ஏது இலை?" என்று
மேஜையில் வைத்துவிட்டுப் போனாளாம்.

எழுதியது நான்தான் என்று
அப்போது சொல்லவில்லை.
போனை வைத்து, முகம் கழுவி,
மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன்.
அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.
"சரி, அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்றார்.

இடைவெளியை எழுத்தென்று எண்ணும் ஏழு வரி.
அசிங்கமாகத்தான் இருக்கிறது, பழையதைப் போலவே.
கூடவே ஒரு சோதனை, பெயர்: இரண்டு நஞ்சிகள்.
மேலே குறிப்பு எழுதினேன்: இதில் கை வைக்காதே.
நிறுத்தி,
ஏன் என்றும் எழுதினேன்.
பதினான்கு வரி வந்தது, கவாத்து உட்பட.

பெர்கனிலிருந்து சரிபார்ப்பவர் கேட்டார்:
நஞ்சி என்பது எதன் சுருக்கம்?
சுருக்கம் இல்லை, ஆட்கள்,
என்று அடித்து முடிப்பதற்குள்
கரண்ட் போனது, மோடத்தின் பச்சை அணைந்தது.
இருட்டில் ஸ்பேஸ் பாரை
ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்.