பச்சை

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் பதினாறு பேர்.
மடியில் தூக்குச்சட்டி, அதன்மேல் போன்.
ஏழாவது வளைவில் சிக்னல் போகும்,
செக்போஸ்ட் தாண்டினால் வரும்.
அதற்குள்
என் பன்னிரண்டாயிரம்
முப்பத்தொன்பதாயிரம் ஆகியிருக்கும்.

குரூப்பில் இருநூறு பேர்.
எல்லாரும் சாருக்கு நன்றி சொல்வார்கள்,
எல்லாரும் ஒரே மாதிரி
'நண்றி' என்று.

ஏலக்காய் பொறுக்குகிறவள் நான்.
சாயம் ஏற்றிய காயை
ஈர விரலால் ஒரு தேய்ப்பில் சொல்லிவிடுவேன்.
ஐந்து வாரமாய் இந்தத் திரையைத்
தேய்த்துக்கொண்டே இருந்தேன்,
பச்சை போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை.
தோட்டத்துக்கு லீவு, பேங்குக்கு லீவு,
பங்குச் சந்தைக்கும் லீவாம்.
என் லாபம் மட்டும் வேலைக்குப் போயிருந்தது.

ஐந்நூறு எடுத்துப் பார்க்கிறேன் என்றேன்.
ஏழாயிரம் வரி கட்டு, அப்புறம் எடு என்றார்கள்.
என் மூட்டையை நான் இறக்க
என்னிடமே சுங்கமா?
ஓடிபி கேட்டார்கள்.
'தங்கச்சி' என்று வேறு கூப்பிட்டார்கள்.

1930க்கு அடித்தேன்.
"எப்ப அனுப்புனீங்க?"
"அஞ்சு வாரம் ஆச்சுங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தட்டச்சுச் சத்தம் மட்டும்.

திங்கள் காலை ஜீப்பில் சொன்னேன்.
சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.
ஒச்சம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.
பிறகு செல்வத்தாய்.
ஆறாவது வளைவில்,
சிக்னல் போவதற்கு முன்,
டிரைவர் மொக்கராசு
வண்டியை ஓரங்கட்டி
திரும்பிப் பார்க்காமல் கேட்டான்:
"அந்த நம்பரை
இன்னொரு தடவ சொல்லுக்கா."