பதினாலு–பதினஞ்சு

தொண்ணூறு உருப்படி, தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.
சிவப்புப் பெட்டி. திறந்தால் நகைக்கடை.
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரில்
பேரம் பேசி நாற்பது ரூபாய் குறைத்தேன்.
அதில் ஒரு பெருமை வேறு.

பாம்பனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்.
மீன் ஐஸ் உருகி ஒழுகி ஒழுகி
ஆம்னியின் அடியில் ஒவ்வொரு போல்ட்டும்
பிடிவாதக்காரி.
சைலன்சர் கிளாம்பில் பதினாலை மாட்டி
ஒரே அழுத்து.
கழன்றது போல்ட் இல்லை.
ஸ்பானர் வாயைப் பிளந்தது,
போல்ட் தலை மொழுங்கிக் கொழுக்கட்டை ஆனது,
விரல்முட்டி மூன்றும் போய் சேஸிஸில் இடித்தன.
அந்தக் காயத்தோடு மறுநாள்
கருவாட்டுக் கூடை தூக்கினேன்.

ராத்திரி பெட்டியைக் கொட்டி எண்ணினேன்.
இதுவரை கை தொட்டது ஏழு.
மிச்ச எண்பத்துமூணும்
பந்திக்கு மட்டும் வந்த சனம்.

மண்டபத்தில் சீனி அசன் பாயின் பழைய இரும்புக்கடை.
படகு எஞ்சினோடு வந்த சாமான், கிலோ நூற்றுநாற்பது.
துரு மேலே மட்டும்தான்.
வளையத்துக்குள் விரல்விட்டால்
பன்னிரண்டு முனையும் இன்னும் உறுத்தின.
முந்தானையில் முடிந்து போயிருந்த புது போல்ட்டை
மாட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.
"பளபளப்பு இல்லையேம்மா."
"அது எதையும் கழட்டாது பாய்."
ஐந்து ரிங், ஒரு டி ஸ்பானர்,
ஒன்றேகால் கிலோ, நூற்றியெழுபத்தஞ்சு.

ராட்செட் மட்டும் பழசு வேண்டாமென்று விட்டேன்.
உள்ளே பல் தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது,
கைதான் கண்டுபிடிக்கும், ரத்தத்தோடு.
ஜாக்கியும் புதுசு,
பேரம் பேசாமல்.
அதன் கீழே படுப்பது நான்.

டீசலில் ஒரு ராத்திரி ஊறவிட்டுத் துடைத்தேன்.
கொழுக்கட்டையை உளி வைத்து வெட்டி எறிந்து,
புதுசின் மரைக்குக் கிரீஸ் தடவி
பழைய ரிங்கால் முடுக்கினேன்.
கிட்டித்த பல் மாதிரி நின்றது.

சிவப்புப் பெட்டியை எறியவில்லை.

நேற்று அமலதாசன் வந்தான்.
"அக்கா, ஒரு பதினாலு–பதினஞ்சு. அஞ்சே நிமிஷம்."
போன பங்குனியில் அஞ்சு நிமிஷத்துக்கு வாங்கிப்போன
என் பத்தாம் நம்பர்
இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது.

பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன்.
"முழு செட்டுமா?" அவனுக்குக் கண்ணே கலங்கியது.

சீட்டுக்கு அடியில், பழைய பனியனில் சுற்றி,
ஒன்றேகால் கிலோ சத்தமில்லாமல் கிடந்தது.

மெதுவாக் கொண்டாப்பா, என்றேன்.
எனக்கு அவசரமில்லை.