கை தூக்கும் பொத்தான்

புந்தா அரினாஸில் காற்று பலத்துவிட்டால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை.
நான்கு சதுரங்களில் நான்கு பேர்.

அன்டார்க்டிகா போகிற கப்பல்களுக்கு
உருளைக்கிழங்கும் டீசலும் ஏற்றிக்கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது.
மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவர்கள் இவர்கள்.
திரையில் கேப்டன்களோடு எப்படிப் பேசுவதென்று
சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்தது.
எனக்கும் அவர்களுக்கும் மூன்றே வயதுதான் வித்தியாசம்.
குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டேன்.

முகத்தைப் பார்க்காதே, லென்ஸைப் பார்.
அப்போதுதான் முகம் பார்த்துப் பேசுவதாக எதிராளிக்குத் தோன்றும்,
ஏன் என்று என்னைக் கேட்காதே.
பின்னால் துணிக்கொடி வேண்டாம், தமாரா.
ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் நீ வெறும் நிழல், யெர்கோ.
அயெலேன், உன் பூனையின் வாலுக்கு
இந்த நிறுவனத்தில் பதவி எதுவும் இல்லை.
மாத்தே உறிஞ்சுகிற சத்தம்
நோர்வேக்காரர் காதில் சாக்கடை உடைந்ததுபோல விழும்.
"கேட்கிறதா, கேட்கிறதா" என்று மூன்று முறை கூவாதே.
பேசாத நேரத்தில் மைக்கை மூடு.
பேச வேண்டுமா, கை தூக்கும் பொத்தானை அமுக்கு,
மஞ்சளாய் ஒரு கை எழும்,
பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை காத்திரு.
யாரிடமாவது பிசகு கண்டால் சபையில் சொல்லாதே,
தனிச்செய்தியில் சொல்.

எலியேசர் அத்தனையும் நோட்டில் எழுதினான்.
கஸ்த்ரோவில் அவன் வீட்டுக்குத் தகரக் கூரை.
அவன் வாய் திறந்தபோதெல்லாம் மழை குறுக்கே பேசியது.
"மழைக்கு எப்படி மியூட் போடுவது?" என்றான்.
சிரித்தோம்.
அதற்கு என்னிடம் விதி இல்லை.

பத்து நிமிடம் இடைவேளை விட்டேன்.
அண்ணன் போனில் கூப்பிட்டான்.
தண்ணீர் கொதிக்கவைத்தபடி சொன்னேன்,
"நல்ல பிள்ளைகள்தான்.
நாலு பேரில் ஒருத்தரைத்தான் எடுக்கப்போகிறார்கள்,
யாரென்று முடிவும் ஆகிவிட்டது.
மற்றவர்களிடம் ஜூன் கடைசிவரை மூச்சுவிடக் கூடாதாம்.
நான் என்ன செய்ய, என் சம்பளமும் அங்கிருந்துதானே வருகிறது."
இன்னும் ஏதோ சொன்னேன்.
அந்தப் பெயரைச் சொன்னேனா?
இன்றுவரை நிச்சயமில்லை.

கோப்பையோடு வந்து உட்கார்ந்தேன்.
திரையோரத்தில் ஒரு தனிச்செய்தி:
"யஸ்னா, உங்கள் மைக் திறந்திருக்கிறது. மன்னிக்கவும்."
எலியேசர்தான்.
எட்டு நிமிடம் முன்பே வந்திருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.
தவளைக்காவது இருட்டு இருந்தது.

ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை.
யெர்கோ ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தான்,
முதல்முறையாக அவனுக்கு முகம் இருந்தது.
தமாராவின் பின்னால் சுவர் துடைத்துவிட்டதுபோல் வெறுமை.
பூனை இல்லை.
மைக்குகள் மூடியிருந்தன, நான்கு சிவப்புக் கோடுகள்.
எல்லோரும் லென்ஸைப் பார்த்தார்கள்.
அதாவது என்னை.
அதாவது, என்னை இல்லை.
இத்தனை ஒழுங்கான ஒரு கூட்டத்தை
அதற்கு முன்னும் பின்னும் நான் நடத்தியதில்லை.

வெளியே யாரோ ஒரு கையில் கயிறும்
மறு கையில் தொப்பியுமாக
தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.
முழுதாகக் கடக்கும்வரை பார்த்தேன்.

என் மைக்கை மூடினேன்.
அது கோழைத்தனமாகப் பட்டது, திறந்தேன்.
"கேட்டதா?" என்றேன்.
வாயில் வந்தது அவ்வளவுதான்.

அயெலேன் சதுரத்தில் மஞ்சள் கை எழுந்தது.
பிறகு தமாராவுடையது. பிறகு யெர்கோவுடையது.
எலியேசர் தூக்கவில்லை.
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தான்,
இதற்கும் ஒரு வரி எழுதியிருக்கிறோமா என்று தேடுகிறவன்போல.
அவன் கூரைமேல் மழை பெய்திருக்க வேண்டும்.
மைக் மூடியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை.

மூன்று மஞ்சள் கைகள்.
பெயர் சொல்லும்வரை பொறுக்கச் சொன்னவள் நான்.
பொறுத்திருந்தார்கள்.